சோலை, ஏரி, சதுப்பு: இடுக்கி மலையில் மூன்றையும் ஒரே நடையில் பார்க்க வழி உண்டா?

கேள்வி: லயத்துக்காரன், கட்டப்பனை

வணக்கம். வண்டிப்பெரியாற்றுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். இப்போது கட்டப்பனையில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். மலையில் பிறந்தவன் என்று பெயர்தானே தவிர, கொழுந்துக் காட்டையும் ஏலத் தோட்டத்தையும் தாண்டி மெய்யான காட்டுக்குள் கால் வைத்தது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தான்.

வரும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தேனியிலிருந்து அக்காள் மகன்கள் இருவர் வருகிறார்கள். பெரியவனுக்கு வயது 17, சின்னவனுக்கு 14. அயர்லாந்தில் சதுப்பு நிலத்தின் மேல் பலகை பாவிய பாதையில் மக்கள் நடந்து போகும் காணொளி ஒன்றைச் சின்னவன் பார்த்திருக்கிறான். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் ஏரி, நடுவே பாசி மூடிய சதுப்பு. நம் மலையில் இப்படி ஓர் இடம் கிடையாதா மாமா என்று அவன் தொலைபேசியில் கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை. ஏரி உண்டு, சோலைக்காடு உண்டு. சதுப்பு என்றால் நான் அறிந்ததெல்லாம் பள்ளத்தில் மாடு சிக்கிக்கொள்ளும் உளை மட்டுமே.

இந்த மூன்றையும் ஒரே நடையில் காட்டக்கூடிய, அரசு அனுமதியுள்ள வழி ஏதேனும் இப்பக்கம் உண்டா? சதுப்பில் சிறுவர்களை இறக்குவது ஆபத்தா? இன்னொன்றும் கேட்க வேண்டும். மூணாறுக்கு மேலே இருக்கும் டாப் ஸ்டேஷனிலிருந்து கொடைக்கானலுக்குப் பழைய வெள்ளைக்காரன் சாலை ஒன்று போகிறது, அதிலேயே இரண்டு நாளில் நடந்து போய்விடலாம், ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை என்று அத்தான் சொல்கிறார். அவர் பேச்சை நம்பிப் போகலாமா?

பதில்: குமுளி வழித்துணை

தம்பிக்கு வணக்கம். கட்டப்பனையில் இருந்துகொண்டு ஏரிக்காக வெகுதூரம் தேட வேண்டாம், குமுளிக்கு வாருங்கள். பல ஆண்டுகள் இந்தக் காட்டில் பயணிகளோடு நடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தேக்கடி ஏரி என்று நாம் சொல்வது, 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் தேங்கிய நீர். ஏறக்குறைய 26 சதுர கிலோமீட்டர் பரப்பு. அன்று தண்ணீரில் மூழ்கிய காட்டு மரங்களின் அடிக்கட்டைகள் இன்றும் நீருக்கு மேல் கறுத்து நிற்பதையும், அவற்றின் உச்சியில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகை விரித்து வெயில் காய்வதையும் பையன்களுக்குக் காட்டுங்கள். அவர்கள் தேனிப் பிள்ளைகள் அல்லவா? இந்த நீர்தான் சுரங்கம் வழியாக மலையைக் குடைந்து இறங்கி, லோயர்கேம்ப்பில் மின்சாரம் கொடுத்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லுக்குப் பாய்கிறது. படகில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் ஒலிபெருக்கி அறிவிப்பாகத்தான் தெரியும். கரையோரம் நடந்து பார்த்தால்தான் நீரின் அளவு மனத்தில் ஏறும்.

பெரியாறு புலிகள் காப்பகத்தில் மூன்று மணி நேர நடையும் உண்டு, மூங்கில் தெப்பமும் நடையும் கலந்த முழுநாள் பயணமும் உண்டு, காட்டுக்குள் கூடாரமடித்து இரவு தங்கும் புலித்தடப் பயணமும் உண்டு. இரவுப் பயணத்தின் வழிகாட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இவர்களில் முதல் தலைமுறையினர் ஒரு காலத்தில் இதே காட்டில் திருட்டுத்தனமாக வயணப்பட்டை என்ற காட்டு இலவங்கப்பட்டையை உரித்தவர்கள். 1990களின் பிற்பகுதியில் வனத்துறை அவர்கள்மீது இருந்த வழக்குகளைத் தீர்க்க வழிசெய்து, சூழல் மேம்பாட்டுக் குழுவாகத் திரட்டி, காட்டைக் காக்கும் வேலையையே அவர்களிடம் கொடுத்தது. யானை எந்த மேட்டில் திரும்பும் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அல்லர் அவர்கள். வனக் காவலருக்கு ஒளிந்து திரிந்த நாள்களில் பழகியவர்கள். மற்ற நடைகளுக்கு மன்னான், பளியர் குடிகளைச் சேர்ந்த வழிகாட்டிகள் வருவார்கள். அவர்களுடன் தமிழிலேயே பேசிக்கொண்டு போகலாம்.

சதுப்பு கேட்டீர்கள். காட்டுக்கு நடுவே மரமில்லாமல் கோரையும் புல்லும் அடர்ந்து, எந்நேரமும் ஈரம் கசியும் தாழ்ந்த இடங்களை நாங்கள் வயல் என்போம். விதைத்தவர் யாரும் இல்லாத வயல். மாலையில் மிளாவும் காட்டெருமையும் அங்கே இறங்கும். உங்கள் சின்னவனுக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம்.

டிசம்பரிலும் அட்டை இருக்கும். முழங்கால் வரை ஏறும் அட்டை உறையைக் குமுளியிலேயே கொடுப்பார்கள். புகையிலையையும் சுண்ணாம்பையும் நம்பி வரும் பழைய ஆள்கள் இப்போதும் இருக்கிறார்கள். உறை போட்டு வருவதே நல்லது. இரவுப் பயணத்துக்குச் சின்னவன் வயதில் அனுமதி உண்டா என்பதை முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில்: கோவிலூர்க்காரி

முதலில் உங்கள் அத்தானின் சாலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடியது. நான் வட்டவடை ஊராட்சியைச் சேர்ந்தவள். எங்கள் ஊருக்கு மூணாறிலிருந்து வரும் வழியே டாப் ஸ்டேஷனைத் தாண்டிப் பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவுக்குள் நுழைந்துதான் வருகிறது. அந்தப் பூங்காவின் பரப்பு 1.32 சதுர கிலோமீட்டர் மட்டுமே; கேரளத்தின் தேசியப் பூங்காக்களில் மிகச் சிறியது, 2003இல் அறிவிக்கப்பட்டது. அதற்குள்ளிருந்து பிரிந்து வந்தரவு, பேரிஜம் வழியாகக் கொடைக்கானலுக்குப் போன பழைய சாலையைத்தான் அவர் சொல்கிறார். ஜப்பான்காரன் கடற்கரையில் இறங்கினால் கொடைக்கானலிலிருந்து கொச்சிக்குத் தப்பிப் போவதற்காக வெள்ளைக்காரர்கள் அதைச் செப்பனிட்டு வைத்திருந்தார்கள் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். இரு மாநில வனத்துறைகளும் அதை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கேட்காமல் நுழைவது குற்றம். வழக்கு வந்தால் உங்களோடு சேர்ந்து அந்தப் பிள்ளைகளும் வனச்சரக அலுவலகத்தின் படியில் உட்கார வேண்டியிருக்கும். போன வருடம் ஒரு ஜீப்காரர் வெளியூர்ப் பையன்கள் நால்வரிடம் பணம் வாங்கிக்கொண்டு, ஆள் இல்லாத நேரம் பார்த்து உள்ளே அனுப்பிவிட்டுத் தம் வழியில் போய்விட்டார். இரவு மூடுபனியில் வழி தவறிய அவர்களை மறுநாள் காலை எங்கள் ஊர் ஆள்கள்தான் கூட்டி வந்தார்கள்.

அதற்காகப் பாம்பாடும் சோலையையே விட்டுவிட வேண்டாம். வனத்துறை ஆளோடு நடக்கும் நடை அங்கே உண்டு. மூணாறு வனவிலங்குக் கோட்டத்தில் முன்பதிவு செய்துகொள்ளலாம். சோலைக்குள் நுழைந்த பத்தாவது அடியில் காதில் இருந்த காற்றின் இரைச்சல் அறுந்துபோவதைக் கவனியுங்கள். மரங்கள் உயரமில்லை, கிளையெல்லாம் பாசியும் பெரணியும் தொங்கும், தரையில் இலைக்குப்பை மெத்தை போல் அமுங்கும். அந்த மெத்தையைக் கையால் ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால், மழை ஓய்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தாலும் விரலிடுக்கில் தண்ணீர் சொட்டும்.

சதுப்பைப் பற்றி வழித்துணை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் மேட்டில் பூண்டு, உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு மேலே புல்வெளி மடிப்புகளில் எப்போதும் ஊறிக்கொண்டிருந்த சதுப்புகள் சில இருந்தன. என் தாத்தா காலத்தில் மாடு இறங்கினால் கயிறு கட்டித்தான் தூக்குவார்களாம். பிறகு காகிதக் கூழுக்கென்று கிராண்டிஸ் என்ற யூக்கலிப்டஸ் வகை மரம் வந்தது. சும்மா கிடந்த நிலத்திலெல்லாம் நட்டார்கள், எங்கள் வீட்டிலும் நட்டோம், அதை மறைக்க விரும்பவில்லை. நட்ட சில ஆண்டுகளில் மடிப்பில் நீர் வற்றியது, அப்புறம் ஓடையில் நீர் குறைந்தது, அப்புறம்தான் பூண்டுக்குப் பாய்ச்ச நீர் இல்லை என்று விழித்துக்கொண்டோம். இப்போது பல இடங்களில் வெட்டி அகற்றுகிறார்கள். வெட்டிய இடத்தில் ஈரம் திரும்புகிறது என்றாலும் பழைய சதுப்பு திரும்பி வந்ததாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதில்: அழுகண்ணி (பாலக்காடு)

தாவரவியல் கற்பிப்பவன் என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குமுளி நண்பர் சொல்லும் வயலும், அந்தப் பையன் காணொளியில் பார்த்ததும் ஒன்றல்ல. வயல் என்பது ஓடை கொண்டுவந்து சேர்க்கும் வண்டலில் புல் வளரும் ஈரநிலம். அங்கே செத்த புல் சூட்டிலும் காற்றிலும் விரைவில் மக்கிவிடுகிறது. அயர்லாந்தில் இருப்பதோ செத்த செடிகள் மக்காமலேயே அடுக்கடுக்காகச் சேரும் சதுப்பு. நீர் எப்போதும் நிறைந்து, காற்றுப் புகாமல், குளிரும் சேர்ந்திருந்தால் நுண்ணுயிர்களால் இலையையும் வேரையும் முழுவதும் சிதைக்க முடியாது. அவை கறுத்து, நார் நாராக, ஆண்டுக்கு மயிரிழை அளவு மட்டுமே கனத்து ஏறும். வெப்பமண்டலத்தில் இருக்கும் நம் மலைகளில் இது நிகழ உயரம் வேண்டும். ஏறக்குறைய 2,000 மீட்டருக்கு மேலே, சோலையும் புல்வெளியும் கலந்த மேட்டில், இரு குன்றுகளின் மடிப்பில் நீர் வடியாமல் நிற்கும் இடங்களில்தான் இத்தகைய கரிச்சதுப்புகள் அமைகின்றன.

இவற்றில் நன்றாக ஆராயப்பட்டவை நீலகிரியில் உள்ளன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இரா. சுகுமாரும் அவருடன் பணியாற்றியவர்களும் அங்குள்ள சதுப்பு மண்ணைத் துளையிட்டு எடுத்து, அதிலுள்ள கார்பனை அளந்து 1993இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மரங்களும், வெப்பமண்டலப் புற்களும் காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் முறை வெவ்வேறு. அந்த வேறுபாடு செத்த பின்னும் மண்ணில் அழியாமல் நிற்கிறது. ஆகவே எந்த அடுக்குப் புல்லால் ஆனது, எந்த அடுக்கு மரஞ்செடியால் ஆனது என்று பிரித்துப் படிக்க முடிகிறது. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகம் உறைபனிக் காலத்தின் உச்சத்தில் இருந்தபோது நீலகிரியில் மழை குறைந்து புல் ஓங்கியிருந்ததும், பின்னர் மழை வலுத்தபோது மரம் ஏறியதும் அந்தக் கறுப்பு மண்ணில் தெரிகின்றன. காட்டை வெட்டியதால் உண்டான பொட்டல்தான் இந்தப் புல்வெளி என்று நினைத்து அதில் சீகை மரத்தையும் யூக்கலிப்டஸையும் நட்டவர்கள், இந்தப் புல்வெளி மனிதன் கோடரி எடுப்பதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டு மூத்தது என்பதை அறிந்திருக்கவில்லை. கோவிலூர் அம்மையார் சொன்ன கதைக்கு அதுவே வேர்.

ஏரியைப் பற்றியும் ஒரு திருத்தம். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியில் இயற்கையான ஏரிகள் மிக அரிது. மாட்டுப்பெட்டி, குண்டளை, ஆனையிறங்கல் எல்லாம் அணைகள். கொடைக்கானல் ஏரிகூட 1863இல் லெவிஞ்சு என்ற ஆட்சியர் சதுப்பான பள்ளத்தை அடைத்து உண்டாக்கியது. ஆக, படகு விட்டுப் பார்க்கும் ஏரிகள் மனிதன் கட்டியவை; இம்மலை தானாக நீரைச் சேர்த்துவைத்த இடம், மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகும் சதுப்புதான்.

பையனுக்கு எங்கே காட்டுவது? இரவிகுளம் தேசியப் பூங்காவின் உள்மேட்டுச் சதுப்புகளுக்குப் பயணிகளை விடுவதில்லை, விடக்கூடாது என்பதே என் கருத்தும். இராஜமலைப் பகுதியில் மட்டும் நடக்கலாம். வரையாடு குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அதுவும் மூடப்படும், டிசம்பரில் உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. நெடுநடை வேண்டுமென்றால் 2,640 மீட்டர் உயரமுள்ள மீசைப்புலி மலைக்குக் கேரள வன வளர்ச்சிக் கழகம் நடத்தும் பயணத்தில் சேருங்கள். மூணாறிலிருந்து சைலண்ட் வேலி எஸ்டேட் வழியாக ஜீப்பில் போய் அங்கிருந்து நடக்க வேண்டும். பெயரைக் கேட்டுவிட்டுப் பாலக்காட்டுப் பக்கத்துச் சைலண்ட் வேலி என்று நினைத்து எங்கள் ஊருக்கு வந்து இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நடையில் காட்டுப்பூவரசு மரங்களைத் தாண்டிப் புல்வெளிக்கு ஏறும்போது, மடிப்புகளில் ஊறும் ஈரத்தை வழியோரமாக நின்றே பார்த்துக்கொள்ளலாம்.

அங்கே குந்தி உட்காருங்கள். வெள்ளைப் பொத்தான்களைக் குச்சியில் குத்தி நட்டது போன்ற பூக்கள் தெரிந்தால் அடியில் நீர் நிற்கிறது என்று பொருள். இன்னும் கூர்ந்து பார்த்தால், சட்டைப் பொத்தானைவிடச் சிறிய இலையில் சிவந்த மயிர்களும் ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு துளிப் பசையும் கொண்ட செடி இருக்கும். அதுதான் அழுகண்ணி. மண்ணில் கிடைக்காத நைட்ரஜனுக்காகப் பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடி. வெயில் ஏறிய பிறகும் அதன் துளிகள் உலர்வதில்லை, பனித்துளியிலிருந்து அதை அப்படித்தான் பிரித்தறிவது. பக்கத்தில் தேங்கிய நீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதந்தால், ஜீப்பிலிருந்து டீசல் கொட்டிவிட்டது என்று உடனே கோபப்பட வேண்டாம். ஒரு குச்சியால் தொடுங்கள்: எண்ணெயானால் விலகிய இடத்தில் மறுபடி வந்து கூடும், இரும்பைத் தின்னும் நுண்ணுயிர் விட்ட படலமானால் கண்ணாடிச் சில்லு போல உடைந்து அப்படியே விலகி நிற்கும். சின்னவன் அரை மணி நேரம் அங்கிருந்து எழுந்திருக்க மாட்டான்.

இறங்கி மிதிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். ஆளை விழுங்கிவிடும் என்பது மிகை. முழங்கால் வரை இழுத்துக்கொள்ளும் என்பது மெய். ஆனால் உங்களுக்கு என்ன ஆகும் என்பதைவிடச் சதுப்புக்கு என்ன ஆகும் என்பதே என் கவலை. ஒரே தடத்தில் பத்துப் பேர் மிதித்தால் வேர்ப்பின்னல் அறுந்து, அந்தத் தடமே வாய்க்காலாகி நீரை வடித்துவிடும். நீர் வடிந்த கரிமண்ணில் காற்றுப் புகும், மக்கத் தொடங்கும், கோடையில் தீப்பிடித்தால் அடியிலேயே கனன்று பரவும். அயர்லாந்தில் பலகை பாவியிருப்பது நடப்பவனின் காலணிக்காக மட்டும் அன்று.

பதில்: போடிமெட்டு

தீயைப் பற்றிப் பேச்சு வந்ததால் சுருக்கமாக ஒன்று. தேனிப் பக்கமிருந்தே நடக்கலாமே என்று பையன்கள் கேட்பார்கள், குரங்கணி அவர்களுக்கு அவ்வளவு பக்கம். ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷன் தேயிலை கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு இறங்கிய அதே சரிவு அது. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர்கள் எல்லாம் அந்தக் காலத்து மிச்சம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்று இரவு தொட்டில் கட்டிக் காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கியவர்களில் எங்கள் தெருக்காரர்களும் உண்டு. காய்ந்த போதைப்புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதனால் ஏற முடியாது. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 வழிகளை அரசே இணையத்தில் முன்பதிவுக்குத் திறந்தது. குரங்கணி–சாம்பலாறு வழி அதில் உண்டு. டிசம்பர் சரியான மாதம்தான். மாசி, பங்குனியில் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: லயத்துக்காரன்

எல்லோருக்கும் நன்றி. அத்தானிடம் இந்தப் பக்கத்தை அப்படியே படித்துக் காட்டினேன். ஜீப்காரர் கதை வந்த இடத்தில் அவர் டீ குடிக்க எழுந்து போய்விட்டார். முதல் நாள் குமுளியில் மூங்கில் தெப்பம், பிறகு மூணாறில் ஓர் இரவு தங்கி மீசைப்புலி மலை என்று முடிவு செய்திருக்கிறோம். திரும்பும்போது நேரமிருந்தால் பாம்பாடும் சோலை. மூன்றையும் ஒரே நடையில் பார்க்க முடியாது என்று சின்னவனிடம் சொன்னேன். பூச்சி தின்னும் செடி உண்டு என்றதும் ஏரியையே மறந்துவிட்டான்.

காலணி பற்றி மட்டும் ஒரு ஐயம். தோட்டத்தில் மருந்தடிக்கப் போடும் முழங்கால் வரையுள்ள கம்பூட்ஸ் வீட்டில் மூன்று ஜோடி இருக்கிறது. ஈரத்துக்கு அது போதுமா?

பதில்: கோவிலூர்க்காரி

தம்பி, கம்பூட்ஸ் வேண்டாம். ஏற்றத்தில் குதிகால் வழுக்கிக் கொப்புளம் வரும். சேற்றில் கால் புதைந்தால் உள்ளே காற்றில்லாமல் பூட்ஸைச் சேறு கவ்விக்கொள்ளும், கால் மட்டும்தான் வெளியே வரும். கயிறு கட்டும் பழைய விளையாட்டுக் காலணியே போதும், நனைந்தால் நனையட்டும். இரண்டு ஜோடிக் காலுறையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போங்கள். டிசம்பர் விடியலில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும், ஈரக் காலோடு நின்றால் விரல் மரத்துவிடும். எங்கள் தோட்டத்துக்கு மேலே மிச்சமிருக்கும் ஒரே சதுப்பில் என் இடதுகால் கம்பூட்ஸ் ஆறு வருடமாகக் கிடக்கிறது. வலதுகாலை இன்னும் எறியாமல் வைத்திருக்கிறேன்.